செராம்பூர்: பல்கலைக்கழகமா, போதகர் பள்ளியா?

பொகவந்தலாவை வாசகன்:
கண்டிக்கு அருகே பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்த எங்கள் தோட்டத்து ஐயரின் (போதகரின்) சான்றிதழில், பட்டம் வழங்கும் செராம்பூர் செனட்டின் பெயர்தான் இருக்கிறது. செராம்பூர் வங்காளத்தில் உள்ள ஊர். நேற்று இங்கே ஒருவர், “போதகர் பயிற்சிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் எதற்கு?” என்று எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. செருப்புத் தைத்துப் பிழைத்த கேரி, பள்ளி ஆசிரியர் மார்ஷ்மன், அச்சுக்காரர் வார்ட் மூவரும் 1818இல் அங்கே கல்லூரி தொடங்கியபோதே கிறிஸ்தவர் அல்லாதவர்களையும் சேர்த்தார்கள். கீழைத்தேய இலக்கியமும் ஐரோப்பிய அறிவியலும் பாடம். 1827இல், அன்று செராம்பூரை ஆண்ட டென்மார்க்கின் அரசர் ஆறாம் பிரெடெரிக் சாசனம் எழுதிப் பட்டம் வழங்கும் அதிகாரமே கொடுத்தார். சென்னை, கல்கத்தா பல்கலைக்கழகங்கள் வந்தது 1857இல்தான்.

கண்டி மாணவன்:
எழுதியது நான்தான் அண்ணே. சாசனம் கிடைத்தது சரி, அதன்படி முதல் பட்டம் கொடுத்தது எப்போது? 1915இல்! 88 வருடம் பட்டமே கொடுக்காததைப் பல்கலைக்கழகம் என்பீர்களா? அந்தப் பட்டமும் இறையியலில்தான். கலைப் பாடங்களுக்குக் கல்கத்தாவோடுதான் இணைந்திருந்தார்கள்.

பதுளை டீச்சர்:
தம்பி, கிழக்கிந்தியக் கம்பனி ஆட்சியில் மிஷனரிகளுக்கு இடமில்லை என்றதால்தானே டேனிஷ்காரர் ஊரான செராம்பூரில் ஒதுங்கினார்கள்? 1837க்குள் மூவரும் இறந்துவிட்டார்கள். 1845இல் டென்மார்க் நம் தரங்கம்பாடியோடு செராம்பூரையும் ஆங்கிலேயருக்கு விற்றது. அந்த ஒப்பந்தத்தில் கல்லூரியின் உரிமைகள் தொடரும் என்று எழுதி வைத்தார்கள். அது இல்லாவிட்டால் 1915 ஏது? 1918இல் வங்காளத்தில் தனிச் சட்டமே போட்டு அதை உறுதி செய்தார்கள்.

கண்டி மாணவன்:
டீச்சர், தாளில் இருந்த உரிமை நம் பிள்ளைகளுக்கு என்ன செய்தது? 1854இலேயே தோட்டத் தொழிலாளருக்கான தமிழ்க் கூலி மிஷன் இலங்கை மலையகத்துக்கு வந்துவிட்டது. தோட்டப் பாடசாலைகள் திறந்தார்கள். கொஞ்சம் எழுத்து, கணக்கு, வேதபாடம். அதற்கு மேல்? கேரி அறிவியலும் சேர்த்துத்தான் கல்லூரி கட்டினார். தோட்ட லயத்துப் பிள்ளைக்குச் சபை காட்டிய உயர்கல்வி ஐயராவது மட்டும்தான்.

பொகவந்தலாவை வாசகன்:
கோபம் நியாயம்தான் தம்பி, ஆனால் அதைச் செராம்பூர் மேல் காட்டாதீர்கள். 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து பிலிமத்தலாவையில் கல்லூரி தொடங்கியதே சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கத்தான். நம் மொழியில் படித்தவருக்கு முறையான பட்டம் கிடைப்பது அந்தப் பழைய சாசனத்தால்தான். அறிவியலுக்கு ஏன் வழி செய்யவில்லை என்று இங்குள்ள சபைகளைக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

கண்டி மாணவன்:
வாருங்கள் அண்ணே, கேட்போம். அதுவரை செராம்பூரை நான் இறையியல் பல்கலைக்கழகம் என்றுதான் சொல்வேன்.