அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களின் இலவச அஞ்சல்: மக்களுக்கான வசதியா, பதவிக்கான சலுகையா?

இளவழகன்:
1792 பிப்ரவரி 20 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட அஞ்சல் சட்டத்தின்படி, ஒரே தாளில் எழுதிய கடிதம் 30 மைலுக்குள் செல்ல 6 சென்ட், 450 மைலைத் தாண்டினால் 25 சென்ட் கட்டணம். அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினருக்கோ, கடிதம் கட்டணமின்றிச் செல்ல உறையின் மேல் தம் பெயரை எழுதினாலே போதுமானதாக இருந்தது. குடியரசு என்று சொல்லிக்கொண்ட நாடு, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பழைய சலுகையை அப்படியே எடுத்துக்கொண்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

மங்கையர்க்கரசி:
பாதிச் சட்டத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள், ஐயா. கூட்டத்தொடரின்போதும் அது முடிந்த பின் 20 நாள்களும், இரண்டு அவுன்ஸுக்கு மிகாத கடிதங்களை உறுப்பினர் அனுப்பினாலும் அவருக்கு வந்தாலும் கட்டணம் இல்லை. கடிதத்தைப் பெறுபவரே பெரும்பாலும் பணம் கட்டிய அந்நாளில், தலைநகருக்கு வெகு தொலைவிலிருந்த ஓர் உழவர் தம் குறையை எழுதுவதற்கும், உறுப்பினரின் சுற்றறிக்கையைக் காசில்லாமல் வாங்கிப் படிப்பதற்கும் வழி செய்தது இந்த விதிதான். செய்தித்தாளுக்கு 100 மைல் வரை ஒரு சென்ட் மட்டுமே விதித்ததும் இதே சட்டம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அதன் நோக்கம் விளங்கும்.

இளவழகன்:
நோக்கத்தை நான் மறுக்கவில்லை; செலவு யார் தலையில் விழுந்தது என்றே கேட்கிறேன். கடிதக் கட்டணத்தையே பெரிதும் நம்பியிருந்த அஞ்சல் துறை இலவச மூட்டைகளையும் சுமந்தபோது, மகனின் கடிதத்துக்கு 25 சென்ட் கொடுத்த தாய்தான் அதற்கும் சேர்த்துக் கொடுத்தார். பிரிட்டன் 1840-இல் உறுப்பினர் சலுகையை நீக்கி, எல்லோருக்கும் ஒரு பென்னி அஞ்சலைக் கொண்டுவந்ததே, அதுவல்லவா நேர்மையான வழி? அமெரிக்காவும் 1873 ஜூலை 1 முதல் இந்த இலவச அஞ்சல் சலுகையை நிறுத்தத்தானே செய்தது?

மங்கையர்க்கரசி:
நிறுத்தியது நிலைக்கவில்லையே. சில ஆண்டுகளிலேயே அரசு வெளியீடுகளுக்கும், உறுப்பினர்கள் மக்களுக்கு அனுப்பிய விதைப் பொட்டலங்களுக்கும் விலக்கு தந்து, 1895-இல் உறுப்பினர் கடிதங்களுக்கும் உரிமையைத் திருப்பிக் கொடுத்தார்கள். இடைக்காலத்தில் அரசுத் துறைகள் தனி அஞ்சல்தலைகளை ஒட்டின. அவற்றுக்கான பணமும் கருவூலத்திலிருந்துதான் வந்தது.

இளவழகன்:
கருவூலத்திலிருந்து வந்தாலும், எந்தத் துறை எவ்வளவு செலவிட்டது என்பது அந்த அஞ்சல்தலைகளால் கணக்கில் ஏறியது. வெறும் கையெழுத்தோடு போன உறைக்கு அப்படி ஒரு கணக்கே இல்லை. என் எதிர்ப்பு அதற்குத்தான்.