புதுப்பிப்பு: மீல்வார்ம் பெட்டியில் ஈரமும் சூடும், தீர்வு கிடைத்தது

சென்னை மழையில் மீல்வார்ம் (பறவை, மீன்களுக்குத் தீனியாக வளர்க்கும் ஒருவகை வண்டின் புழு) பெட்டியின் கோதுமைத் தவிடு கட்டிதட்டி, பூஞ்சை பிடித்து, புழுக்கள் சாகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, மூடியை எடுத்துவிட்டுக் கொசுவலை கட்டும் யோசனைதான். உள்ளே 90 சதவீதத்தைத் தொட்ட ஈரப்பதம் 70-க்கு இறங்கியது. தீனியாக, நீர் அதிகமுள்ள வெள்ளரிக்குப் பதில் கேரட் போடுகிறேன். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுகிறேன். ஏசி வாங்கச் சொன்னவர் மன்னிக்கவும், புழுவுக்கு அவ்வளவு வசதி கட்டுப்படியாகாது!

எதிர்பாராதது சூடு. அறையில் 29 டிகிரி, ஆனால் புழுக்கள் நெருக்கியடித்த மூலையில் தவிட்டுக்குள் 34. அவையே கிளப்பும் சூடு அது. இரண்டு தட்டாகப் பிரித்து மெல்லிசாகப் பரப்பியதும் 30-க்கு வந்தது. 25 முதல் 28 வரைதான் உகந்தது என்றாலும், சாவு நின்றுவிட்டது. புழுக்கள் வளர்ந்து வண்டானதும் அவற்றை விடும் தட்டைப் பிரிக்கவில்லை. அங்கே கூட்டம் குறைவு.