அம்பாசிடர் மார்க் 3: இண்டிகேட்டர் போட்டால் பெட்ரோல் முள் ஆடுகிறது, முழு ஒயரிங்கும் மாற்ற வேண்டுமா?

திண்டுக்கல்_மார்க்3:
அப்பா வைத்திருந்த 1977 மாடல், பெட்ரோல் வண்டி. ஆறு வருடம் ஷெட்டில் கிடந்து போன மாதம்தான் ஸ்டார்ட் ஆனது. இன்ஜின் பரவாயில்லை, கரண்ட் விஷயம்தான் உயிரை வாங்குகிறது. இண்டிகேட்டர் போட்டால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் பெட்ரோல் முள் இறங்கி இறங்கி ஏறுகிறது, கூடவே வைப்பரையும் போட்டால் இண்டிகேட்டர் சிமிட்டாமல் அப்படியே நின்றுவிடும். ஹெட்லைட் அகல்விளக்கு மாதிரி, இடது பக்கம் இன்னும் மோசம். நேற்று ராத்திரி பத்து நிமிடம் லைட் போட்டு ஓட்டியதில் டேஷ்போர்டுக்குள்ளிருந்து லேசாகக் கருகல் வாடை வேறு. இங்கே ஒரு எலக்ட்ரீஷியன் போனட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு "முழு செட்டும் மாத்தணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும்" என்கிறார். என்னிடம் இருப்பது ஐயாயிரம். மல்டிமீட்டர் இருக்கிறது, ஓரளவு பார்க்கத் தெரியும். எங்கே ஆரம்பிக்கலாம்?

பழைய_ஸ்பேனர்:
தம்பி, இருபத்தஞ்சாயிரத்தை மறந்துவிடுங்கள். முள், வைப்பர், இண்டிகேட்டர் மூன்றும் ஒரே ஃபியூஸுக்குப் பின்னால் பச்சை ஒயரில் வருபவை. மூன்றும் சேர்ந்து சொதப்பினால் கோளாறு அவை பிரிவதற்கு முன்னால் இருக்கிறது என்று அர்த்தம், தொண்ணூறு சதவீதம் ஃபியூஸ் பாக்ஸ்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஃபியூஸை உருவி அதைப் பிடித்திருக்கும் கிளிப்பைப் பாருங்கள், கறுத்தோ பச்சைப் பூத்தோ இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் பளபளப்பாகும் வரை தேய்த்து, கிளிப்பை லேசாக உள்ளே அழுத்திவிடுங்கள், ஃபியூஸ் இறுக்கமாக உட்கார வேண்டும். இன்னொன்று, அந்தக் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருப்பது உருகுகிற அளவு, தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர்தான். இப்போதைய பிளேடு ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு, அதற்கு மாறுகிறேன் என்று 35 வாங்கிப் போட்டால் ஃபியூஸ் நிற்கும், ஒயர் எரியும்.

நிறத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள், லூகாஸ் என்ற பிரிட்டிஷ் எலக்ட்ரிக்கல் கம்பெனியின் முறைதான்: பிரவுன் நேராக பேட்டரி லைன், சாவியை எடுத்தாலும் கரண்ட் இருக்கும். வெள்ளை சாவி போட்ட பிறகு, பச்சை அந்த வெள்ளையே ஃபியூஸைத் தாண்டிய பிறகு. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங், கருப்பு எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி. நடுவில் யாராவது கைவைத்து எல்லாவற்றையும் சிவப்பு ஒயரில் இழுத்திருந்தால் அது உங்கள் விதி.

கோவை_பெட்ரோல்:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் கருகல் வாடை வேறு கதை. இந்த வண்டியில் ஹெட்லைட் கரண்ட் ஃபியூஸே இல்லாமல் லைட் சுவிட்ச் வழியாகத்தான் போகும். ஐம்பத்தைந்து வாட் பல்பு இரண்டு என்றால் ஒன்பது ஆம்பியருக்கு மேல், அந்த வயசான சுவிட்ச் சூடாகாமல் என்ன செய்யும்? அதைச் சரிபார்க்கும் வரை ராத்திரி ஓட்டாதீர்கள். பிறகு ஹை, லோ இரண்டுக்கும் ஒவ்வொரு ரிலே போடுங்கள், சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் ஆஃப் செய்யும் சுவிட்ச் அது, முனைகளில் நம்பர் போட்டிருக்கும். 30ஆம் முனைக்கு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ் வைத்து 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் ஒயர், 87லிருந்து பல்புக்கு, சுவிட்சிலிருந்து வரும் பழைய ஒயர் 86க்கு, 85 எர்த். சுவிட்சுக்கு வேலை குறையும், வெளிச்சம் நீங்களே பார்ப்பீர்கள். வீட்டு ஒயரிங்கில் மிச்சமான ஒயரைப் போட ஆசை வரும், வேண்டாம், இழை தடிமனாக இருப்பதால் அதிர்வில் முறியும். சென்னை வந்தால் ஜிபி ரோட்டில் ஆட்டோ ஒயர் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

இடது லைட் மட்டும் மங்கல் என்றால் எர்த். லைட் எரியும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை அந்தப் பல்பின் கருப்பு ஒயரிலும் வையுங்கள். அரை வோல்ட் காட்டினாலே எர்த் போயிற்று.

சோக்_கேபிள்:
ஒரே ஒரு கேள்வி. செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா? இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டை அறுந்திருந்தால் ஸ்டார்ட்டர் கரண்ட் மொத்தமும் சோக் கேபிள் வழியாகத் திரும்பி வரும். எனக்கு ஒருமுறை உறையே உருகியது, அதனால்தான் இந்தப் பெயர்.

திண்டுக்கல்_மார்க்3:
சுடவில்லை, பட்டை நன்றாகவே இருக்கிறது. ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தேன், சிரிக்காதீர்கள், ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள். உள்ளே ஃபியூஸ் எப்போதோ போய்விட்டது. அப்பாவின் டிரைவர் வேலைதான், வேறு யாரும் அந்தப் பக்கம் போனதில்லை. கிளிப்பைத் தேய்த்து புது ஃபியூஸ் போட்டேன், முள் ஆடவில்லை, வைப்பரோடும் இண்டிகேட்டர் சிமிட்டுகிறது. இடது லைட் எர்த்தில் 1.8 வோல்ட் காட்டியது, பெயிண்டைச் சுரண்டிப் புது ஸ்க்ரூ போட்டதும் சரியாகிவிட்டது. லைட் சுவிட்சைக் கழற்றினால் பின்பக்கம் பேக்கலைட் பழுப்பாக வெந்திருக்கிறது. புது சுவிட்ச், இரண்டு ரிலே, ஒயர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடியும் போல. ஆனால் மழைத்தண்ணீரில் வண்டி போனால் புது ஃபியூஸ் உடனே போய்விடுகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய_ஸ்பேனர்:
வெள்ளித்தாள் ஏன் வந்தது என்று இப்போது தெரிகிறதா? பச்சை லைன் எங்கேயோ பாடியில் உரசுகிறது. ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பிரேக் பல்பு ஒன்றை ஒயர் கட்டி மாட்டிவிட்டு, அந்த லைனில் உள்ள எதையும் போடாமல், சாவியை மட்டும் ஆன் செய்து சேசிஸ் ஓரமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஒயர்க் கொத்தை அசைத்துக்கொண்டு போங்கள். பல்பு எந்த இடத்தில் பளிச்சென்று எரிகிறதோ அங்கேதான் தோல் உரிந்திருக்கும்.