பிரிக்ஸ்டன் 1981: கையில் சீட்டில்லாத 825 பேர்

1981 ஏப்ரல் 11, சனிக்கிழமை. லண்டன் பிரிக்ஸ்டனில் அட்லாண்டிக் சாலையில் ஒரு மினிகேப் (வாடகைக் கார்) ஓட்டுநரைச் சாதாரண உடையில் இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் சோதித்தார்கள். காலுறைக்குள் எதையோ செருகினார் என்று சந்தேகம். அது பணம். கலவரம் அங்கேதான் மூண்டது; 279 போலீசார் காயப்பட்டார்கள்.

அதை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அந்த வாரம் போலீசார் 'ஸ்வாம்ப் 81' என்று ஒரு நடவடிக்கைக்குப் பெயர் வைத்து, தெருவில் 943 பேரை நிறுத்திச் சோதித்தார்கள். கைது 118. மீதி 825 பேர், பெரும்பாலும் இளவட்டங்கள், எதற்கு நிறுத்தினார்கள் என்று தெரியாமலே வீட்டுக்குப் போனார்கள். அந்த மனக்கசப்பு எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு முந்தின நாளே சாட்சி: கத்திக்குத்துப்பட்ட ஒரு பையனுக்குப் போலீசார் கட்டுப்போட்டார்கள்; ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றுதான் கூட்டம் நினைத்தது. பையனைப் பறித்துக்கொண்டு போய்விட்டது.

---

மேலே சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கலவரம் பற்றி நீதிபதி ஸ்கார்மன் பிரபு நடத்திய விசாரணையின் அறிக்கை அந்த நவம்பரில் வந்தது. பிறகு வந்த 1984ஆம் ஆண்டுப் போலீஸ், குற்றச் சாட்சியச் சட்டம் (சுருக்கமாக PACE, பேஸ் என்பார்கள்) சோதனைக்கு நியாயமான சந்தேகம் வேண்டும், எழுத்தில் பதிவு வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இன்று இங்கிலாந்தில் போலீசார் உங்களைத் தெருவில் நிறுத்தினால் சோதனைக்கு முன்பே இவற்றைக் கேளுங்கள்: என்ன காரணம், எதைத் தேடுகிறீர்கள், எந்தச் சட்டம், உங்கள் பெயர், எந்த ஸ்டேஷன். சீருடை இல்லையென்றால் அடையாள அட்டையைக் காட்டியாக வேண்டும். நின்ற இடத்தில் கோட்டு, ஜாக்கெட், கையுறை இவற்றுக்கு மேல் கழற்றச் சொல்ல முடியாது. சோதனைக்காக மட்டும் நிறுத்தினால் உங்கள் பெயர், முகவரி சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. தோற்றத்தை மட்டும் வைத்துச் சந்தேகப்படுவது செல்லாது.

பலரும் கோட்டைவிடுவது சீட்டில்தான், அதாவது அந்தச் சோதனைப் பதிவின் நகலில். ஆத்திரத்திலோ கூச்சத்திலோ வாங்காமல் நடையைக் கட்டிவிடுகிறார்கள். பிறகு புகார் கொடுக்கும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. விட்டுப்போனாலும் 3 மாதத்துக்குள் கேட்டு வாங்கலாம்.

---

1994ஆம் ஆண்டின் இன்னொரு சட்டத்தில் உள்ள பிரிவு 60 வேறு கதை. வன்முறை நடக்கும் என்று கருதி ஓர் அதிகாரி ஒரு வட்டாரத்தைக் குறித்து உத்தரவு போட்டுவிட்டால், அங்கே உங்கள்மேல் தனிச் சந்தேகம் இல்லாமலே சோதிக்கலாம். அதனால் முதலில் "இது பிரிவு 60ஆ?" என்று கேளுங்கள். அப்போதும் சீட்டு உங்கள் உரிமைதான்.