பாபநாசம் பஸ் நடத்துநர்: பழகியவர்கள் எழுதியவை

அக்கா மகன்:
திருநெல்வேலி–பாபநாசம் தடத்தில் பல ஆண்டுகள் நடத்துநராக இருந்த என் தாய்மாமா சென்ற மாதம் சிறுநீரகச் செயலிழப்பால் காலமானார். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் பக்கத்தில் பலருக்கு அவர் முகம் தெரியும், பெயர் தெரியாது. பழகியவர்கள் ஆளுக்கு நாலு வரி எழுதினால் அத்தைக்கு வாசித்துக் காட்டுவேன்.

நானே தொடங்குகிறேன். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர் மாமா. ஆடி அமாவாசை வந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சிறப்பு பஸ்கள் ஓடும். நாள் முழுக்க நின்றபடியே வேலை. முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் தானாகவே மாத்திரை வாங்கி விழுங்குவார். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏற்கெனவே இருந்தன. மூன்றும் சேர்ந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்தன என்றார் மருத்துவர். கால் வீங்கும்வரை எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தத்தில் பார்க்கிற கிரியேட்டினின் என்ற சொல்லே அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வந்தது.

கல்லிடைக்குறிச்சிப் பயணி:
சில்லறை இல்லாவிட்டால் மீதியை டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுப்பார். எழுதிக் கொடுத்ததோடு மறந்துவிடுகிற நடத்துநர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இவர் ஊர் வருவதற்கு முந்தைய நிறுத்தத்திலேயே, "பாக்கி வாங்காதவர்கள் யார்?" என்று குரல் கொடுப்பார். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் வாங்காமல் இறங்கிவிட்டேன். மறுநாள் ஏறியதும் ஏழு ரூபாயைக் கையில் திணித்து, "இனிமேல் தூங்குவதானால் சரியான சில்லறையோடு தூங்குங்கள்" என்றார். வாய் மட்டும் பொல்லாத வாய். படியில் தொங்குகிற பையன்களிடம், "உன் அம்மா பத்து மாதம் சுமந்தது என் படியில் தொங்கவா?" என்பார். பையன்கள் உள்ளே வந்துவிடுவார்கள்.

உடன் பணிபுரிந்த ஓட்டுநர்:
மகளுக்கு வேலை கிடைத்த அன்று பஸ் முழுக்கக் கடலை மிட்டாய் கொடுத்தார். வண்டி பத்து நிமிடம் தாமதம். பரிசோதகர் ஏறியிருந்தால் எங்கள் இருவருக்கும் மெமோ வந்திருக்கும்.

டயாலிசிஸ் பிரிவில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி:
வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். தண்ணீரை அளவோடுதான் குடிக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்குத் தாகத்தை அடக்கத் தெரியாது; அடுத்த முறை வருவதற்குள் மூச்சு வாங்கும். அண்ணாச்சி பாட்டிலில் மூன்று கோடு போட்டு வைத்திருப்பார். காலை டிரிப், மதிய டிரிப், இரவு டிரிப் என்று அவற்றுக்குப் பெயர். கோட்டைத் தாண்டினால் "ஓவர்லோடு" என்று இவரை மிரட்டுவார். இவர் நான் சொல்லிக் கேட்காததை அவர் சொல்லிக் கேட்டார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கிற ஃபிஸ்டுலா கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. தெரியாமல் அந்தப் பக்கம் வந்த புது நர்ஸிடம், "அது பின்வாசல் தாயே, முன்வாசல் வழியாக ஏறு" என்று அடுத்த கையை நீட்டினார். காய்கறியை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால், இவர்களுக்கு ஆகாத பொட்டாசியம் என்ற உப்புச் சத்து குறையும் என்று எனக்குக் கற்றுத்தந்தது அவர் மனைவிதான். இன்றும் அப்படித்தான் சமைக்கிறேன்.

மகள்:
எல்லோருக்கும் நன்றி. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அப்பா வீட்டில் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். வடித்த காய்க்கு ருசியில்லை என்று தட்டைத் தள்ளிவிடுவார். இளநீர் கூடாது என்றதற்கு அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. பேத்தி ஊட்டினால் மட்டும் மறுபேச்சு கிடையாது. அதனால் அவளுக்குப் பள்ளி விடுமுறை வந்தால் அம்மாவுக்கும் விடுமுறை.

அத்தான், ஒரு விஷயம். நான் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பரிசோதித்துவிட்டேன், சரியாக இருக்கிறது. அண்ணனுக்கு இப்போதே சர்க்கரை இருக்கிறது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று நாளைக் கடத்துகிறான். நீங்கள் சொன்னால் கேட்பான்.

அக்கா மகன்:
சனிக்கிழமை வருகிறேன். வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்.