பழைய ஆன்லைன் கேமில் பொருளாதாரச் சோதனை: எங்கே போய் முடியும்?

கேள்வி – முதுநகர்க்காரன், கடலூர்

நானும் என் தம்பியும் பதினான்கு ஆண்டுகளாக ஒரே விண்வெளி ஆன்லைன் கேமை ஆடி வருகிறோம். மஞ்சக்குப்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் தொடங்கிய பழக்கம் அது. சர்வரில் இப்போது பழைய கூட்டத்தில் பாதிகூட இல்லை. இந்த நிலையில், கேமில் வெட்டியெடுத்துக் கப்பல் கட்டப் பயன்படுத்தும் தாது கிடைக்கும் அளவை அடுத்த மாதம் முதல் மூன்று மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துப் பார்க்கப் போவதாகவும், பலன் இல்லையென்றால் பழையபடி மாற்றிவிடுவதாகவும் நிறுவனம் அறிவித்திருக்கிறது. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எங்கள் கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) புதிதாகச் சேர்ந்த இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் தாது வெட்டி விற்றுத்தான் முதல் கப்பலுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இப்படிச் செய்து பார்த்த வேறு கேம்களில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி – லாஸ்பேட்டை, புதுச்சேரி

உங்கள் நிலைக்கு மிக நெருக்கமானது ஈவ் ஆன்லைன். 2003-இல் தொடங்கிய அந்த கேமின் நிறுவனம், அதன் சந்தையைக் கவனிப்பதற்கென்றே 2007-இல் ஒரு பொருளாதார அறிஞரை வேலைக்கு அமர்த்தியது. அப்படிப்பட்டவர்களே 2020-இல் தாது வளத்தை வேண்டுமென்றே குறைத்து, அந்தப் பற்றாக்குறையை 2021 வரை நீட்டித்தார்கள். 2021 ஏப்ரலில் பெரிய கப்பல்களைக் கட்டுவதற்கான மூலப்பொருள் பட்டியலையும் மாற்றியதால் அவற்றின் விலை வெகுவாக ஏறியது. கிடங்கு நிறையத் தாதுவும் கட்டி முடித்த கப்பல்களும் வைத்திருந்த பழைய கூட்டணிகளுக்கு இருப்பின் மதிப்பு உட்கார்ந்த இடத்திலேயே உயர்ந்தது. புதியவருக்கோ ஏறிய விலை மட்டுமே மிஞ்சியது.

மறுமொழி – திருப்பாதிரிப்புலியூர்

நம் ஊரில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, கருவாட்டை முன்பே இருப்பு வைத்தவர்தான் விலை சொல்வார். அந்தத் தடையாவது ஆண்டுதோறும் தேதி மாறாமல் வருவதால் வலை இழுப்பவரும் அதற்கேற்பத் திட்டமிட்டுக்கொள்கிறார். உங்கள் கேமில் அறிவிப்பு வந்த அன்றே பதுக்கல் தொடங்கியிருக்கும்; ஆகவே மூன்று மாத முடிவில் நிறுவனம் பார்க்கப்போகும் விலை, தாது குறைந்ததால் வந்ததா, பதுக்கலால் வந்ததா என்று அவர்களாலேயே பிரித்தறிய முடியாது. தாதுவின் அளவைப் பழையபடி மாற்றிவிடலாம். அதற்குள் கைமாறிய சொத்தைத் திருப்ப முடியுமா?

ரூன்ஸ்கேப் என்ற இன்னொரு பழைய ஆன்லைன் கேமையும் பாருங்கள். நிஜப் பணத்துக்குத் தங்கம் விற்பவர்களை ஒழிக்க, 2008 ஜனவரியில் ஆட்டக்காரர்களுக்கிடையே இருந்த தடையற்ற வணிகத்தை நிறுத்தினார்கள். நோக்கத்தில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நண்பனுக்கு ஒரு பொருளைச் சும்மா கொடுக்கக்கூட வரம்பு வந்தது. வாக்கெடுப்புக்குப் பிறகு 2011 பிப்ரவரியில்தான் அது விலகியது. 2013-இல் ஆட்டக்காரர்கள் வாக்களித்துத் திரும்பப் பெற்ற ஓல்ட் ஸ்கூல் பதிப்பு, 2007 ஆகஸ்டில் எடுத்துவைத்த நகல். அதாவது தடைக்கு முந்தையது.

மறுமொழி – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

எதையும் தொடாமல் விடுவதும் ஆபத்துதான் என்பதை மறக்க வேண்டாம். அதே ஓல்ட் ஸ்கூலில் 2021 டிசம்பரில் சந்தை விற்பனைக்கு 1 சதவீத வரி விதித்து, அந்த வருவாயில் ஒரு பகுதியைக் கொண்டே பொருட்களை வாங்கி அழித்தார்கள். தாது வரும் வழியை அடைத்தால் புதியவர் வாடுகிறார். இப்படிப் பணம் வெளியேற வடிகாலைத் திறந்தால் அதிகம் விற்பவரே அதிகம் கொடுக்கிறார். இதை உங்கள் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

முதுநகர்க்காரன்

மூவருக்கும் நன்றி. வடிகால் யோசனையை நேற்றே கில்டின் பெயரில் எழுதி அனுப்பிவிட்டோம். எங்கள் கிடங்கிலும் தாது நிறையக் கிடக்கிறது. அதிலிருந்து அந்த இரு பிள்ளைகளின் முதல் கப்பலுக்கு வேண்டியதை, அறிவிப்புக்கு முந்தைய விலையிலேயே இன்றிரவு கொடுக்கப் போகிறோம். தம்பிக்கும் முழுச் சம்மதம்.