வெள்ளி இரவு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன்

சான் ஹோசே வாசி:
அப்பா இறந்த செய்தி கிடைத்த வியாழக்கிழமை இரவே 11 மணிக்கு, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டேன். முந்தைய முறை சிங்கப்பூரிலிருந்து இங்கு வர ஏறத்தாழ 15 மணி நேரமே ஆகியிருந்தது. அந்தக் கணக்கோடு சென்னைக்கு நான்கு மணி நேரத்தைக் கூட்டி, “வெள்ளி இரவு வந்துவிடுவேன்” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அதே 13,600 கிலோமீட்டரைக் கடக்க இம்முறை எதிர்க்காற்றில் 17 மணி நேரம் ஆனது. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிக் கைபேசியைப் பார்த்தபோது சனிக்கிழமை காலை 7 மணி. அண்ணனை அழைத்தேன். “மீனம்பாக்கத்தில் வாசலில்தான் நிற்கிறேன், நீ பதறாமல் வா” என்றார். அப்பாவின் அருகில் இருக்க வேண்டியவர் முந்தைய இரவு முழுவதும் அங்கேயே நின்றிருக்கிறார். நான் வெளியே வந்தபோது பகல் 11 மணி. அவர் கையில் எனக்கென்று வாங்கி வைத்திருந்த இட்லிப் பொட்டலம், வாழையிலை கறுத்துப்போய் அப்படியே இருந்தது. பசிபிக்கில் நாள் மாறும் கற்பனைக் கோடான தேதிக்கோட்டை மேற்கு நோக்கித் தாண்டினால் ஒரு நாள் போய்விடும் என்பதை மறந்த பிழை இன்றும் உறுத்துகிறது.

ஆலந்தூர்க்காரர்:
உங்கள் வருத்தம் புரிகிறது, நண்பரே. ஆனால் பழியைத் தேதிக்கோட்டின் மீது போடுவதை ஏற்க மாட்டேன். அட்லாண்டிக் வழியாக, அந்தக் கோட்டைத் தொடாமலே வந்திருந்தாலும் சனிக்கிழமைதான் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் ஏறிய வியாழன் இரவு 11 மணி, அமெரிக்கக் கோடைக்கால நேரப்படி, சென்னையில் வெள்ளி பகல் 11.30. புறப்படும் நேரத்தை முதலில் ஊர் நேரமாக மாற்றிவிட்டுப் பிறகு பயண நேரத்தைக் கூட்டியிருக்க வேண்டும். காற்றைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியபோது, தொலைவு சுமார் 1,400 கிலோமீட்டர் கூடியும் பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைந்தது. மேற்கிலிருந்து கிழக்காக உயரத்தில் ஓடும் காற்றே காரணம். அதில் அம்மாவுடன் சென்றபோது, ஜப்பானை நெருங்குகையில் திரையில் வேகம் மணிக்கு 1,100 கிலோமீட்டரைத் தாண்டியதைக் கண்டு அவர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டது நினைவிருக்கிறது.

ஈசூன் பாட்டி:
மகளின் பிரசவத்திற்காக, நள்ளிரவு தாண்டி 14ஆம் தேதி தொடங்கிய சற்று நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து நேராக நியூயார்க்குக்கு விமானம் ஏறினேன். 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். போய்ச் சேர்ந்தால் அங்கே அதே 14ஆம் தேதியின் விடியற்காலை. நான் பறந்துகொண்டிருந்தபோதே பேரன் பிறந்துவிட்டான். ஆனால் மருத்துவமனையில் அவன் காலில் கட்டியிருந்த பட்டையில் அந்த ஊர் நேரப்படி 13ஆம் தேதி இரவு 9 மணி என்று எழுதியிருந்தது. அந்தப் பட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சான் ஹோசே தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். இனி ஊருக்குச் சொல்லும்போது மனக்கணக்கு வேண்டாம். பயணச்சீட்டில் சேரும் நேரத்தின் அருகில் சிறிதாக +1, +2 என்று போட்டிருப்பார்கள். புறப்பட்ட தேதியோடு அதைக் கூட்டினால் இறங்கும் தேதி வந்துவிடும். அந்த நேரம் இறங்கும் ஊரின் நேரம் என்பதால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இடையில் விமானம் மாறினால் கடைசி விமானத்தின் வரியில் உள்ள புறப்படும் தேதியையும் சேரும் நேரத்தையும் மட்டும் பாருங்கள். தேதியையும் கிழமையையும் சேர்த்தே எழுதி அனுப்புங்கள். பயணச்சீட்டையே படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. குடியேற்றம், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும், அதையும் சொல்லிவிடுங்கள் தம்பி.